சிங்கப்பூர் உணவங்காடியில் குடும்பத்தோடு சாப்பிடுவது எப்படி: நம் கரையோரக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று இராமநாதபுரம் கடற்கரையில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், சிங்கப்பூரில் ஆள் இல்லாத தெருவைக் காண்பது அரிது. நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறிப் பல நாள் கடலில் கிடந்து போய்ச் சேர்ந்த சபராளிகளின் (கடல் கடந்து பிழைக்கப் போனவர்களின்) பேரப்பிள்ளைகள், இன்று திருச்சியில் விமானம் ஏறி ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் அங்கே இறங்கிவிடுகிறார்கள். வேலையில் நிலைத்ததும் அவர்களுக்கு வரும் முதல் ஆசை, பெற்றோரை அழைத்துச் சென்று ஊரைக் காட்டுவதுதான். அப்படிப் போய்வந்த பெரியவர்களிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள் வருகின்றன. மகள் வீட்டிலேயே ஆணம் (குழம்பு) காய்ச்சிப் போட்டாள் என்பது ஒன்று. உணவகத்தில் விலையைப் பார்த்ததும் பசியே போய்விட்டது என்பது மற்றொன்று.

இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள நல்ல வழி, பல சிறு உணவுக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் உணவங்காடி நிலையம். உம்மம்மாவுக்கு ஆட்டுச் சூப்பு, வாப்பாவுக்கு மீன், பேரனுக்குக் காரமில்லாத கோழிச்சோறு, ஊரிலிருந்து உடன் வந்த அண்டை வீட்டுச் சைவக் குடும்பத்துக்குத் தோசை என்று, அவரவர்க்கு வேண்டியதை ஒரே மேசையில் வைத்து, கைக்கு அடங்கும் செலவில் சாப்பிட்டு எழக்கூடிய இடம் அந்த நாட்டில் அதைவிட வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. நம் பெரியவர்கள் அங்கே ஒதுங்கி நிற்பதற்குக் காரணம் நாக்கு அன்று. இடத்தின் நடைமுறை தெரியாத கூச்சம். அந்த நடைமுறையை முன்கூட்டியே சொல்லிவிட்டால் கூச்சம் முதல் அரை மணி நேரத்திலேயே விலகிவிடும்.

எந்த இடம், எந்த நேரம்

மலிவாகச் சாப்பிடும் பொது இடங்கள் அங்கே மூன்று வகை. முதலாவது, அரசு கட்டிய உணவங்காடி நிலையம். தெருவோரத்தில் தள்ளுவண்டியிலும் கூடையிலும் விற்றுவந்தவர்களை, 1971 முதல் 1986 வரை, குழாய்த் தண்ணீரும் கழிவுநீர் வசதியும் உள்ள கட்டடங்களுக்குக் கொண்டுவந்ததில் பிறந்தவை இவை; இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. 2020 டிசம்பர் 16 அன்று யுனெஸ்கோ இந்த அங்காடிப் பண்பாட்டை மனித குலத்தின் மரபுகளுள் ஒன்றாகத் தன் பட்டியலில் சேர்த்தது. இரண்டாவது, அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே இருக்கும் காப்பிக்கடை. சில கடைகளும் ஒரு பானக் கடையும் அதில் இருக்கும். மூன்றாவது, கடைத்தொகுதிகளுக்குள் குளிரூட்டப்பட்ட ஃபுட் கோர்ட். விலை சற்றுக் கூடுதல், ஆனால் குழந்தைகளுக்கான உயர நாற்காலியும் சாய்மானமுள்ள இருக்கையும் அங்கேதான் எளிதில் கிடைக்கும். உணவங்காடி நிலையங்களில் பெரும்பாலும் தரையோடு பதித்த முக்காலிகளே இருப்பதால், இடுப்பு வலியும் முழங்கால் வலியும் உள்ளவர்களை அழைத்துச் செல்லும்போது இதை மனத்தில் வைக்க வேண்டும். சக்கர நாற்காலிக்காக ஒரு பக்கம் இருக்கை இல்லாமல் விட்ட மேசைகள் பல நிலையங்களில் உண்டு, குறியீடு ஒட்டியிருக்கும்.

முதன்முறை செல்பவர்களைத் தேக்கா நிலையத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தை ஒட்டி, சிராங்கூன் சாலையும் பஃபலோ ரோடும் சந்திக்கும் இடத்தில் அது இருக்கிறது. கீழ்த்தளத்தில் ஒரு பாதி மீன், இறைச்சி, காய்கறிச் சந்தையும் மறுபாதி உணவுக் கடைகளும், மேல்தளத்தில் துணிக்கடைகளும் உள்ளன. பல கடைகளில் தமிழிலேயே கேட்டு வாங்கலாம் என்பதால் பெரியவர்கள் தாங்களாகவே போய் வாங்கிவரத் துணிவார்கள். அந்தத் துணிவுதான் முதல் நாளில் நமக்கு வேண்டியது. காலையில் போனால், சாப்பிட்டு முடித்த கையோடு மீன் சந்தைப் பக்கமும் ஒரு சுற்று அழைத்துச் செல்லுங்கள். கடலோரத்தில் வளர்ந்தவருக்கு அயல்நாட்டுச் சந்தையில் தெரிந்த மீனைப் பார்த்துப் பெயர் சொல்வதில் கிடைக்கும் மகிழ்ச்சி வேறு எந்தச் சுற்றுலா இடத்திலும் கிடைக்காது.

இரண்டாம் முறைக்கு கேலாங் சிராய் சந்தை. பாய லேபார் ரயில் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ளது. பெரும்பாலும் மலாய்க் கடைகள், ஆகவே ஹலால் பற்றிய கவலை குறைவு. ஆடம் ரோடு நிலையம் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுக்கும் ஆட்டுச் சூப்புக்கும் பெயர் பெற்றது. பீச் ரோட்டில் உள்ள கோல்டன் மைல் நிலையத்திலும் முஸ்லிம் கடைகள் நிறைய உண்டு. நகர நடுவில் உள்ள லாவ் பா சாட்டின் வார்ப்பிரும்புக் கட்டடம் பார்க்க அழகானது, மாலையில் அதன் ஓரத் தெருவில் சாத்தே (குச்சியில் குத்திய இறைச்சி) சுடுவார்கள். ஆயினும் விலை கூடுதல், கூட்டமும் அதிகம், ஆகவே பெரியவர்களோடு போகும் முதல் இடமாக அதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

நேரம் இடத்தைவிட முக்கியம். பகல் 12 மணி முதல் 1.30 வரை அலுவலகக் கூட்டம், மாலை 6.30 முதல் 8 வரை குடும்பக் கூட்டம். காலை 9.30 மணிக்கோ, பிற்பகல் 2 மணிக்கு மேலோ, மாலை 5.30 மணிக்கோ சென்றால் மேசையும் கிடைக்கும், கடைக்காரருக்கும் நாம் கேட்பதற்குப் பதில் சொல்லப் பொறுமை இருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் முஸ்லிம் கடைகள் சில மூடியிருக்கும். திங்கட்கிழமை விடுமுறை விடும் கடைகளும் உண்டு. நிலையம் முழுவதையும் கழுவிச் சுத்தம் செய்வதற்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூடும் வழக்கம் இருப்பதால், தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் இணையதளத்தில் தேதியைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள். நோன்பு மாதத்தில், நோன்பு திறக்கும் மஃரிபு நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே மேசைகள் நிரம்பிவிடும். அப்போது சீக்கிரம் போய் அமர்வதைத் தவிர வேறு வழியில்லை.

புறப்படும் முன்

தாள் கைக்குட்டைப் பொட்டலங்கள் இரண்டு மூன்று, ஈரத்தாள், ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல், சாப்பாட்டுக்கு முன்பின் போட வேண்டிய மாத்திரைகள், சில்லறையாகப் பணம். கடைகளில் கைதுடைக்கத் தாள் தருவதில்லை. தண்ணீரும் காசு கொடுத்து வாங்க வேண்டியதே. கைப்பேசி வழிப் பணம் அங்கே பரவலாக இருந்தாலும் ஊரிலிருந்து போகும் பெரியவரின் கையில் 2, 5, 10 வெள்ளித் தாள்கள் இருந்தால் அவர் யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. அங்கே டாலரைத் தமிழர்கள் வெள்ளி என்றும் செண்டைக் காசு என்றும் சொல்வார்கள். கழிப்பறைக்கு 10, 20 காசு கேட்கும் இடங்களும் உண்டு, ஆகவே நாணயமும் வேண்டும்.

மேசை பிடித்தல்

உணவு வாங்கும் முன் மேசை. இந்த ஒழுங்கை மாற்றினால், சூடான தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஆறு பேர் இடம் தேடி அலைய நேரும். இரண்டு மூத்தவர்களையும் குழந்தைகளையும் முதலில் அமர்த்திவிட்டு, ஒருவர் அவர்களோடு இருக்க, மற்றவர்கள் கடைகளுக்குச் செல்வதே சரியான முறை. மின்விசிறிக்குக் கீழே, அடுப்புக் கடைகளுக்குச் சற்றுத் தள்ளி உள்ள மேசையைத் தேர்ந்தெடுங்கள். பீர் குடிப்போர் கூடும் மேசைகள் மாலையில் சில இடங்களில் இருக்கும். அது பிடிக்காதவர்கள் எதிர்க் கோடியில் அமரலாம்.

ஒரு காலி மேசையின் மேல் தாள் கைக்குட்டைப் பொட்டலமோ குடையோ அலுவலக அட்டையோ இருந்தால், அது யாரோ மறந்துவிட்டுப் போன பொருள் அன்று. இடம் பிடித்துவிட்டேன் என்பதற்கு அந்த ஊரார் வைக்கும் அடையாளம். அதை நகர்த்திவிட்டு அமர்வது சண்டையில் முடியும். சட்டம் அதற்கு இல்லாவிட்டாலும் வழக்கம் மிக வலுவாக இருக்கிறது. அதேபோல், நான்கு பேர் மேசையில் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தால், இங்கே ஆள் வருகிறார்களா என்று கேட்டுவிட்டு அவரோடு பகிர்ந்து அமரலாம். அந்நியரோடு மேசையைப் பகிர்வதை அங்கே யாரும் அவமதிப்பாகக் கருதுவதில்லை. மேசையில் எண் ஒட்டியிருந்தால் அதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். சில கடைகள் மேசைக்கே கொண்டுவந்து தருவதற்கு அந்த எண்ணைக் கேட்கும். மற்றக் கடைகளில் வாங்கியவரே சுமந்து வர வேண்டும்.

கடை முன்னால் வரிசை என்பது கண்டிப்பானது. ஓரத்திலிருந்து கை நீட்டிப் பணம் கொடுத்து வாங்கும் நம் பழக்கம் அங்கே செல்லாது. சீன, மலாய்க் கடைகளில் வயதானவரை அங்கிள், ஆன்ட்டி என்று அழைப்பதே வழக்கம். தமிழ்க் கடைகளில் அண்ணே, பாய், அக்கா போதும்.

பலகையைப் படித்தல்

இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் ஒரே கூரையின் கீழ் ஹலால் கடையும் பன்றி இறைச்சிக் கடையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் தரும் ஹலால் சான்றிதழ் கடையின் முகப்பில் தெரியும்படி ஒட்டப்பட்டிருக்கும். அது இருந்தால் கேள்வியே வேண்டாம். சான்றிதழ் பெறாவிட்டாலும் முஸ்லிம்களே நடத்தும் கடைகள் ஏராளம் உள்ளன; அவற்றில் முஸ்லிம் உரிமையாளர் என்ற பலகையோ குர்ஆன் ஆயத்து எழுதி மாட்டிய சட்டகமோ இருக்கும், ஐயம் இருந்தால் நேராகக் கேட்கலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால், பன்றி இறைச்சியும் பன்றிக் கொழுப்பும் சேர்ப்பதில்லை என்று மட்டும் எழுதியிருக்கும் அறிவிப்பு ஹலால் ஆகாது. அந்தக் கடையின் கோழி எப்படி அறுக்கப்பட்டது, குழம்பில் சமையல் மது ஊற்றப்பட்டதா என்பதைப் பற்றி அந்த வரி எதுவும் சொல்வதில்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் பெரியவர்களை அமரவைத்துவிட்டுப் பிறகு மனம் சங்கடப்படுகிறார்கள்.

மாட்டிறைச்சி உண்ணாத இந்துக் குடும்பங்கள் மலாய்க் கடைகளில் டாகிங், லெம்பு என்ற இரண்டு சொற்களைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். டாகிங் என்றால் பொதுவாக இறைச்சி, லெம்பு என்றால் மாடு; கடைப் பலகையில் இரண்டும் பெரும்பாலும் மாட்டிறைச்சியையே குறிக்கும். ஆயாம் என்றால் கோழி, கம்பிங் என்றால் ஆடு, இக்கான் என்றால் மீன், ஊடாங் என்றால் இறால், சோத்தோங் என்றால் கணவாய், தெலோர் என்றால் முட்டை, பாபி என்றால் பன்றி. இந்த எட்டு ஒன்பது சொற்களை ஒரு தாளில் தமிழில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் பெரியவர் தாமே பலகையைப் படித்துவிடுவார்.

சைவர்களுக்குத்தான் கவனம் மிகுதியாக வேண்டும். இறைச்சி வேண்டாம் என்று சொன்னால், மீனும் இறாலும் முட்டையும் அதில் அடங்காது என்று கடைக்காரர் எடுத்துக்கொள்வது அங்கே இயல்பு. சம்பல் என்னும் மிளகாய் விழுதில் பிளாச்சான் என்னும் புளித்த இறால் விழுது சேரும். நாசி லெமாக்கின் மேல் வறுத்த நெத்திலி கிடக்கும். வெறும் கீரை வதக்கல் போலத் தெரிவதிலும் காய்ந்த இறாலோ சிப்பிச் சாறோ இருக்கக்கூடும். ஆகவே வெஜிடேரியன் என்று சொல்லிவிட்டு, மீன், இறால், முட்டை, சாறு என்று ஒவ்வொன்றாக மறுத்துச் சொல்லுங்கள். சீனர்கள் நடத்தும் சைவக் கடைகளும் பல நிலையங்களில் உண்டு. பௌத்த முறையில் பூண்டு வெங்காயம்கூடச் சேர்க்காத கடைகளும் அவற்றுள் உள்ளன. ஆனால் சோயாவிலும் கோதுமைப் பசையிலும் செய்த பண்டங்கள் கோழி, மீன் ஆகியவற்றின் வடிவிலேயே இருப்பதால், இராமேசுவரம் பக்கத்து மூத்த சைவர் ஒருவர் அதைக் கண்டால் தட்டைத் தள்ளிவிடுவார். வாங்கும் முன்பே அவருக்கு விளக்கிச் சொல்லுங்கள், அல்லது தேக்காவில் தோசை, இட்டிலி விற்கும் தமிழ்ச் சைவக் கடையில் அவருக்கு வாங்கிவிடுங்கள்.

எதை வாங்குவது

கீழக்கரை விருந்துகளில் ஒரே சகனைச் (பெரிய பொதுத் தட்டைச்) சுற்றி நான்கைந்து பேர் அமர்ந்து உண்பது போலவே இங்கும் வாங்குவதையெல்லாம் நடுவில் வைத்து ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆளுக்கொரு தட்டு என்று எட்டுத் தட்டு வாங்கினால் பாதி மீந்துபோகும். பிடிக்காத ஒன்றை ஒருவரே முழுவதும் உண்ணவேண்டிய நிலையும் வரும். முதல் சுற்றில் ஆள்தொகையில் பாதிக்கு மட்டும் வாங்குங்கள். கடை பத்தடி தூரத்தில்தான் இருக்கிறது, தேவைப்பட்டால் மறுபடி போகலாம்.

நம் கரையாருக்கு நான் முதலில் காட்ட விரும்புவது திருக்கை. நாம் ஆணமாகவும் புட்டாகவும் மட்டுமே அறிந்த அந்த மீனை, அங்கே வாழையிலை மேல் வைத்து, மேலே சம்பலைத் தடித்துப் பூசி, சுடு தகட்டில் வாட்டி, வெங்காயமும் எலுமிச்சையும் சேர்ந்த தொட்டுக்கையோடு தருகிறார்கள். சதை குருத்தெலும்பிலிருந்து தானாகக் கழன்று வரும். முள் தொல்லை இல்லாததால் குழந்தைக்கும் பல் இல்லாத பெரியவருக்கும் ஏற்றது. பெரும்பாலும் மாலையில்தான் சுடுவார்கள். இதை விற்கும் கடல் உணவுக் கடைகளில் ஹலால் கடை எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பலகையில் விலை இல்லாமல் அன்றைய விலை என்று இருந்தால், என்ன அளவு, மொத்தம் எவ்வளவு என்று சமைக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். நண்டு, பெரிய இறால் ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மலிவான இடத்தில் பெரிய தொகை கைவிட்டுப் போவது இந்த ஒரு வழியில்தான்.

அடுத்தது நாசி லெமாக். தேங்காய்ப்பாலில் ஆக்கிய சோறு, வறுத்த நெத்திலி, வேர்க்கடலை, வெள்ளரித் துண்டு, முட்டை, பொரித்த மீனோ கோழியோ, ஓரத்தில் சம்பல். நெத்திலியும் தேங்காய்ப்பாலும் நமக்குப் புதியவை அல்ல என்பதால் முதல் கவளத்திலேயே ஒட்டிக்கொள்ளும். சம்பலில் காரத்தை முந்திக்கொண்டு இனிப்பு வரும் என்பதை மட்டும் சொல்லிவையுங்கள். மீன் விழுதை மசாலாவோடு ஓலையில் பொதிந்து சுட்ட ஓத்தாவும் அப்படியே. ஒன்றை வாங்கிப் பலர் பகிரலாம்.

தமிழ் முஸ்லிம் கடைகளில் புராட்டா, மூர்தபாக், மீ கோரெங், பிரியாணி, ரோஜாக் கிடைக்கும். மூர்தபாக் என்பது உள்ளே இறைச்சியும் முட்டையும் வைத்து மடித்த புராட்டா, நம் பக்கத்து முர்தபாவின் உறவுதான். வெறும் புராட்டா வேண்டுமென்றால் கோசோங் என்று சொல்ல வேண்டும். மீ கோரெங் என்பது மஞ்சள் நூடுல்ஸைத் தக்காளிச் சாற்றோடும் மிளகாயோடும் சிவக்க வதக்கியது. இனிப்பும் புளிப்பும் தூக்கலாக இருப்பதால் பிள்ளைகள் விரும்புவார்கள். பிரியாணித் தட்டு பெரியது, ஒன்றை இரண்டு முதியவர்கள் தாராளமாகப் பகிரலாம். கோல்டன் மைலில் கிடைக்கும் சூப் துலாங் என்ற சிவந்த ஆட்டெலும்புக் குழம்பில், எலும்பைத் தட்டியோ உறிஞ்சுகுழல் போட்டோ உள்ளிருக்கும் எலும்பு மஜ்ஜையை எடுக்க வேண்டும். கையெல்லாம் சிவப்பாகும், ஆகவே ஈரத்தாளை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஆட்டுச் சூப்பான சூப் கம்பிங் மல்லி, மிளகு மணத்தோடு இருக்கும். பயணத்தில் வயிறு மந்தமான பெரியவருக்கு அதையும் ரொட்டியையும்தான் நான் வாங்கித் தருவேன்.

குழந்தைகளுக்குக் கோழிச்சோறு. கோழியின் வேகவைத்த சாற்றில் இஞ்சி பூண்டு போட்டு ஆக்கிய சோறு, மேலே எலும்பு நீக்கி நறுக்கிய கோழி. காரம் தனிக் கிண்ணத்தில் வரும். கோழியை வேகவைத்து ஆறவைத்து வெட்டுவதால் அது சூடின்றி இருக்கும், எலும்பருகே இளஞ்சிவப்பும் தெரியலாம். இதைக் கண்டு வேகாத கோழி என்று பெரியவர்கள் அஞ்சினால், பொரித்ததோ வறுத்ததோ கேட்டு வாங்குங்கள். ஹலால் கோழிச்சோற்றுக் கடைகள் பல இருக்கின்றன. தேங்காய்ப்பால் குழம்பில் நூடுல்ஸ் போட்ட லக்ஸா சுவையானது என்றாலும் அதில் அரைவேக்காட்டுச் சிப்பி சேர்ப்பதுண்டு. வயிறு பலவீனமானவர்கள் சிப்பி வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சாத்தே, ரோஜாக் இரண்டின் குழம்பிலும் வேர்க்கடலை இருப்பதால் ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும்.

இனிப்புக்குச் செண்டோல். பச்சை நிற மாவு இழைகள், தேங்காய்ப்பால், பனிக்கட்டித் துருவல், மேலே குலா மெலாக்கா. தென்னம் பதநீரைக் காய்ச்சி எடுக்கும் கரும்பழுப்புச் சர்க்கரை அது. பனங்கருப்பட்டியில் பழகிய நாக்கு அதை உடனே அடையாளம் கண்டுகொள்ளும். கேலாங் சிராயில் டோடோல் என்னும் கெட்டி இனிப்பு கிடைத்தால் கீழக்கரைக்காரர்கள் ஒரு துண்டு வாங்கித் தங்கள் தொதலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எது சிறந்தது என்ற வாதம் மேசையில் நெடுநேரம் ஓடும். என் வாக்கு கருப்பட்டி போட்ட நம் தொதலுக்கே.

தேநீர் கேட்கும் முறை

தேநீர் என்று மட்டும் கேட்டால் கெட்டிப் பால் ஊற்றிய இனிப்புத் தேநீர்தான் வரும். நீரிழிவு உள்ளவர்கள் நம் குடும்பங்களில் நிறையப் பேர் இருப்பதால் இதை மனப்பாடம் செய்துகொள்வது அவசியம். தே என்றால் இனிப்புக் கெட்டிப் பால் சேர்ந்தது. தே சி என்றால் இனிப்பில்லாத சுண்டிய பாலும் சர்க்கரையும். தே ஓ என்றால் பாலில்லாமல் சர்க்கரை மட்டும். கோசோங் என்று சேர்த்தால் சர்க்கரை கிடையாது, சியூ டாய் என்றால் சர்க்கரை குறைவு, பெங் என்றால் பனிக்கட்டி போட்டது. ஆக, பால் வேண்டும் சர்க்கரை வேண்டாம் என்பவர் தே சி கோசோங் என்றும், இரண்டும் வேண்டாதவர் தே ஓ கோசோங் என்றும் கேட்க வேண்டும். காப்பிக்கு, தே என்னும் இடத்தில் கோப்பி. இஞ்சித் தேநீருக்குத் தே ஹாலியா. பிள்ளைகளுக்கு ரோஜாப் பாகும் பாலும் கலந்த பண்டோங் பிடிக்கும், ஆனால் அதில் இனிப்பு அதிகம். கரும்புச் சாறும் இளநீரும் பல நிலையங்களில் கிடைக்கின்றன. பானம் வாங்க ஒருவரைத் தனியே அனுப்பிவிடுங்கள். உணவு வரிசையும் பான வரிசையும் வேறு வேறு.

செலவு

நாசி லெமாக், கோழிச்சோறு, மீ கோரெங் போன்றவை பெரும்பாலும் 4 முதல் 7 வெள்ளிக்குள் அடங்கும். பிரியாணி அதைவிடச் சற்றுக் கூடும். வெறும் புராட்டாவும் தேநீரும் ஒன்றிரண்டு வெள்ளி. பலகையில் உள்ள விலையே இறுதி விலை. உணவகங்களில் சேர்க்கும் சேவைக் கட்டணம் இல்லை, டிப்ஸ் கொடுக்கும் வழக்கமும் இல்லை. பிரியாணி இரண்டு, நாசி லெமாக் ஒன்று, கோழிச்சோறு ஒன்று, புராட்டா நான்கு, நடுத்தரத் திருக்கை ஒன்று, ஆறு பானங்கள் என்று வாங்கினால் ஏழெட்டுப் பேர் கொண்ட குடும்பம் ஏறத்தாழ 55, 60 வெள்ளியில் வயிறார உண்ணலாம். ஒரு வெள்ளியை ஏறத்தாழ 70 ரூபாயாகக் கொண்டால் நாலாயிரம் ரூபாய் ஆகிறது.

இந்தக் கணக்கைப் பெரியவர்களிடம் ஊரிலேயே சொல்லிவிடுங்கள், மேசையில் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு தட்டையும் ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் தாய், எனக்குப் பசியில்லை, இந்தத் தேத்தண்ணி போதும் என்று சொல்லிவிடுவார். பிள்ளையின் காசு கரைகிறதே என்ற கவலை அது. அந்தக் கவலைக்கு மரியாதை கொடுத்து, இந்தச் சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை ஒதுக்கி, அந்தத் தாள்களை அவர் கையிலேயே கொடுத்து, வாங்கிவரச் சொல்லுங்கள். கணக்குத் தம் கையில் இருக்கும்போது அவர் தயக்கமின்றிச் சாப்பிடுவார். கலப்புச் சோற்றுக் கடைகளில் கண்ணாடிக்குள் இருக்கும் கறிகளைக் கை காட்டி எடுக்கும்போது மட்டும், மீனுக்கும் இறாலுக்கும் விலை தனி என்பதை அவருக்கு நினைவூட்டுங்கள்.

தட்டைத் திருப்பி வைத்தல்

சாப்பிட்ட தட்டை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து போகக் கூடாது. 2021 செப்டம்பர் 1 முதல் உணவங்காடி நிலையங்களிலும், 2022 ஜனவரி 1 முதல் காப்பிக்கடைகளிலும் ஃபுட் கோர்ட்டுகளிலும் இது சட்டமாக அமலாகிறது. முதல் முறை எழுத்து மூலம் எச்சரிக்கை, இரண்டாம் முறை 300 வெள்ளி அபராதம். கைதுடைத்த தாள், உறிஞ்சுகுழல், எலும்பு எல்லாவற்றையும் தட்டில் சேர்த்து, திருப்பி வைக்கும் அடுக்குக்குக் கொண்டுபோக வேண்டும். கை நடுங்கும் முதியவரைத் தட்டுச் சுமக்க விடாமல் பேரப்பிள்ளைகள் செய்யட்டும். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு அது பெருமைக்குரிய வேலை.

இங்கும் ஹலால் தட்டுகளுக்கு ஓர் அடுக்கு, மற்றவற்றுக்கு வேறோர் அடுக்கு. எழுத்தும் குறியும் தெளிவாக இருக்கும், பல இடங்களில் தட்டின் நிறமும் வேறுபடும். குடும்பத்தில் ஒருவர் அல்லது உடன் வந்த நண்பர் வேறு கடையில் வாங்கியிருந்தால், சாப்பிடும்போதே அவருடைய தட்டும் கரண்டியும் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே மேசையில் அமர்வதில் தடையில்லை, பாத்திரம் கலப்பதில்தான் கவனம் வேண்டும். தட்டை நடுவில் விட்டுவிட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் கை கழுவப் போனால் மைனாவும் புறாவும் இறங்கிவிடும் என்பதால், ஒருவர் எப்போதும் மேசையில் இருக்க வேண்டும்.

மீந்ததைக் கட்டிக்கொள்ள விரும்பினால் கடையில் தாபாவ் என்று கேளுங்கள், மலாய்க் கடையில் புங்குஸ். டப்பாவுக்கு 20, 30 காசு வாங்குவார்கள். குழம்புள்ளதையும் கடல் உணவையும் அந்த ஈர வெப்பத்தில் நெடுநேரம் பையில் வைத்திருக்க வேண்டாம், நேரே வீட்டுக்குப் போவதாக இருந்தால் மட்டும் கட்டுங்கள். எழும் முன் மாத்திரைப் பை, மூக்குக்கண்ணாடி, தண்ணீர்ப் போத்தல்கள், குழந்தையின் செருப்பு ஆகியவை இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, பக்கத்தில் காத்திருக்கும் குடும்பத்துக்குக் கை காட்டி மேசையைக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.